வெளிநாட்டு இன்டர்ன் வந்திறங்கினால்: கரிசல் வட்டாரக் களப்பணியாளருக்கு ஒரு கையேடு

வெளிநாட்டிலிருந்து நம் பக்கத்துத் தொண்டு நிறுவனங்களுக்கு இன்டர்னாக வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் நிறைய உண்டு. பாட்டில் தண்ணீர் குடி, தோள் மூடிய உடை போடு, இடக்கையால் கொடுக்காதே, கொசுவலை கட்டிப் படு என்று விமானம் ஏறுமுன்பே ஒரு கட்டுத் தாளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களை வாங்கி வைத்துக்கொள்கிற நமக்கு யாரும் ஒரு துண்டுத்தாள்கூட அச்சடித்துக் கொடுத்ததில்லை. திங்கட்கிழமை காலை இயக்குநர் கூப்பிடுவார். "இங்கிலாந்துலருந்து ஒரு பொண்ணு வருது. பத்து வாரம். நீங்க பாத்துக்கங்க" என்பார். அதோடு சரி. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கையேடு. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிக் களப்பணியாளர்கள் அப்படியே பயன்படுத்தலாம். மற்ற மாவட்டத்தார் தேவையான அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளவும்.

முதல் 24 மணி நேரம்

சந்தனம், பூமாலை எல்லாம் அப்புறம். முதலில் தங்கல் பதிவுப் படிவம். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் யாராக இருந்தாலும், ஓட்டலோ வீடோ ஆசிரமமோ, 24 மணி நேரத்துக்குள் அந்தப் படிவத்தை இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றும்போது கரண்ட் போகும். அதற்கும் சேர்த்துத்தான் 24 மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

விசாவை வாங்கிப் படித்துப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். மின்-சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத தொண்டுக்கு ஒரு மாதம்வரைதான் இடமுண்டு. பத்து வாரத்துக்கு அது செல்லாது. அனுப்பிய ஏஜென்சி "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று சொல்லியிருக்கும். லண்டனில் உட்கார்ந்திருப்பவருக்கு நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷனைத் தெரியாது. இங்கே எல்லோரும் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

படிவம் ஏறியதும் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வருவார். உட்காரவைத்து டீ கொடுங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்.

"எதுக்கு வந்திருக்காக?"

"கிராம முன்னேற்றத்துக்கு, சார்."

"அவுக ஊருல என்ன வேலை பாக்குறாக?"

"இன்னும் படிக்கிறாக, சார்."

"படிச்சே முடிக்கலையா?" கொஞ்சம் யோசிப்பார். "சரி, அப்படியே ஒரு நாளு எங்க தெருப்பக்கமும் கூட்டியாங்க. மூணு மாசமாக் குழாயில தண்ணி வரல."

இதை இன்டர்னுக்கு மொழிபெயர்க்கும்போது "அன்புடன் வரவேற்கிறார்" என்று சொன்னால் போதும்.

ஊரைக் காட்டும் முறை

அருப்புக்கோட்டையில் சிக்கலில்லை. தறிச் சத்தம், நூற்பாலை, மல்லிகைப் பூக்கடை, 1977-இல் எம்.ஜி.ஆர். இந்தத் தொகுதியில் ஜெயித்துத்தான் முதலமைச்சரானார் என்கிற பெருமை, எல்லாம் அரை நாளில் முடிந்துவிடும். திருச்சுழியில்தான் கவனம் தேவை. ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த ஊர் என்றதும் இன்டர்ன் முகம் மலரும். ஆனால் உண்மையை மறைக்காதீர்கள். மகரிஷியே சிறுவயதில் இந்த ஊரை விட்டுப் போனவர்தான். எழுத்தாளர்கள் பால் பிரன்டன் 1931-இலும் சாமர்செட் மாம் 1938-இலும் அவரைத் தேடிப் போனது திருவண்ணாமலைக்கு. ஞானம் வாங்க வருகிற வெள்ளைக்காரர் அங்கே, வளர்ச்சி கொடுக்க வருகிற வெள்ளைக்காரர் இங்கே என்று எப்போதோ பாகப்பிரிவினை ஆகிவிட்டது. மாம் ஆசிரமத்தில் மயங்கி விழுந்ததற்கு ஆன்மிக விளக்கம் கொடுத்தவர்கள் உண்டு. நம் ஆள் மயங்கினால் அது வெயில். மோர் கொடுக்கவும்.

அடுத்தது குண்டாறு. பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தி "இதுதான் ஆறு" என்று சொல்லுங்கள். அவர் குனிந்து மணலைப் பார்ப்பார், பிறகு உங்களைப் பார்ப்பார். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது என்று தெரிவித்துவிட்டு வண்டியை எடுங்கள்.

இங்கே ஒரு அடிப்படைக் கோளாறு இருக்கிறது. நீங்கள் சரிசெய்ய முடியாது, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய கல்லூரி விடுமுறை ஜூனில் தொடங்கி ஆகஸ்டோடு சரி. நம் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசியில் புழுதி உழுது விதை போட்டு, தையில் அறுத்து எடுக்கிற மண் இது. ஆக, இன்டர்ன் வருவது ஆனிக் காற்றோடு, போவது ஆவணிப் புழுதியோடு. ஒரு விதை முளைத்து அவர் பார்க்கப்போவதில்லை. கம்பும் குதிரைவாலியும் அவருக்கு அட்டவணையில் வரும் பெயர்கள்.

ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் இதை 1983-இலேயே எழுதிவைத்தார். கிராமத்தை ஆராய வருகிற படித்தவர்கள் தார்ரோட்டோரம்தான் நிற்பார்கள், வெயில் காலத்தில்தான் வருவார்கள், பேசத் தெரிந்த ஆண்களிடம்தான் பேசுவார்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். அவர் சொன்னவர்கள் சேற்றுக்குப் பயந்து மழையைத் தவிர்த்தவர்கள். நம்மவர்களுக்கு அந்தப் பயம்கூட இல்லை, செமஸ்டர்தான்.

இதனால் வருகிற முதல் கேடு புகைப்படம். ஜூலையில் கண்மாய்க்குள் இறங்கி, பாளம் பாளமாக வெடித்த தரையில் காலை வைத்து ஒரு படம் எடுப்பார். சொல்லிப் பாருங்கள்: ஆடியில் கண்மாய் காய்ந்து கிடப்பது துக்கச் செய்தி இல்லை. அப்போதுதான் வண்டல் அள்ளி வயலுக்கு அடிப்பார்கள், கரையைப் பலப்படுத்துவார்கள், மடையைச் செப்பனிடுவார்கள், வரத்துக்காலில் முள் வெட்டுவார்கள். தண்ணீர் நிற்கும்போது செய்ய முடியாத வேலை அத்தனையும் அந்த மூன்று மாதத்தில்தான். கேட்டுக்கொள்வார். ஆனாலும் படம் போய்ச் சேர்ந்துவிடும். கார்த்திகையில் கலுங்கு பாய்கிற படத்தை அனுப்பி நன்கொடை கேட்டவர் எவரும் பிழைத்ததாகத் தெரியவில்லை.

கோலப்பொடி வாங்கி வைக்கவும்

இரண்டாம் வாரம் "பிஆர்ஏ செய்யலாமா?" என்று கேட்பார். ஊர்க்காரர்களை உட்காரவைத்து, தரையில் கோலப்பொடியால் ஊர்ப்படம் போடச் சொல்லி, வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை, கிணற்றுக்கு ஒரு கல் என்று வைக்கச் சொல்லும் முறை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து எடுத்துவந்த பெருமை அவர் குரலில் இருக்கும். கலைக்காதீர்கள்.

உண்மையில் அந்த முறை உலகம் சுற்றக் கிளம்பிய இடங்களில் இந்தியக் கிராமங்கள் முக்கியமானவை, அதிலும் நம் வட்டாரத்துக்குப் பங்கு உண்டு. திருச்சுழிப் பக்கம் பாறைக்குளத்தில் ஸ்பீச் என்ற தொண்டு நிறுவனம் ஊராரையே படம் போடவைத்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நடக்கவைத்து, எந்த மண் எங்கே அரிக்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து நீர்ப்பிடிப்பு வேலை செய்தது. 1994 இறுதியில் பெங்களூரில் நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கில் அந்தச் சின்ன ஊர் ஒரு கட்டுரையானது. இலண்டன் நூலகத்தில் பாறைக்குளம் இருக்கிறது. நம் ஆள் படித்துவிட்டு வந்ததே அதைத்தானோ என்னவோ. அப்படியென்றால் நம் சரக்கு நமக்கே திரும்பி வந்திருக்கிறது.

கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எளிது. நடத்துவதுதான் கஷ்டம். கிழவிகள் இந்த வேலையில் கைதேர்ந்துவிட்டார்கள். ஒருத்தி படத்தைத் தொடங்கும்போதே "ஏம்ப்பா, பெரிய மேப்பா, சின்ன மேப்பா?" என்று கேட்பாள். இன்னொருத்தி, "போன தடவை வந்த புள்ளைக்கு ஊருணிய நீலக் கலருல போட்டோம், இந்தப் புள்ளைக்கு என்ன கலரு பிடிக்கும்?" என்பாள். எதிர்த்த தெருவைப் படத்தில் காணோம் என்று நீங்கள் கவனிப்பீர்கள். அந்தத் தெருக்காரர்கள் கூட்டத்துக்கு வந்து கடைசியில் நின்றுகொண்டிருப்பார்கள். படம் முடிந்தபிறகு, எல்லோரும் டீ குடிக்கப் போகையில், அந்தத் தெருப் பெண்ணொருத்தி சத்தமில்லாமல் குனிந்து, ஊருக்குத் தெற்கே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு புளியங்கொட்டை வைத்துவிட்டுப் போவாள். இன்டர்ன் அப்போது பேட்டரி மாற்றிக்கொண்டிருப்பார். நீங்களாவது படம் எடுத்து வையுங்கள். அன்றைக்கு நடந்ததிலேயே முக்கியமானது அதுதான், ரிப்போர்ட்டில் வராது.

ஊர் கேட்கும் கேள்விகள்

இன்டர்னிடம் ஒரு கேள்வித்தாள் இருக்கும். அதற்கு முன்பே ஊரிடம் ஒன்று தயாராக இருக்கும். கல்யாணம் ஆயிருச்சா, கூடப் பிறந்தவுக எத்தனை பேரு, அப்பாவுக்கு நிலம் எம்புட்டு, ஒத்தையாத்தான் வந்தியா என்பதெல்லாம் தொடக்கம். இவற்றை மொழிபெயர்க்கத் தயங்காதீர்கள். அவரும் நம்மிடம் மாத வருமானம், கழிப்பறை, கடன் எல்லாம் கேட்கத்தான் போகிறார். கணக்குச் சரியாகிவிடும்.

சங்கடமான கேள்வி ஐந்தாவதாக வரும்.

"ஏத்தா, இங்க உனக்குச் சம்பளம் எம்புட்டு?"

சம்பளம் கிடையாது, வருவதற்கு அவர்தான் ஏஜென்சிக்குப் பணம் கட்டியிருக்கிறார் என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். ஒரு நிமிடம் பேச்சே இருக்காது. அப்புறம் ஒரு அப்பத்தா எழுந்துவந்து அவர் கன்னத்தைத் தடவி, "காசும் குடுத்து வேலையும் பாக்கணுமா? நம்ம பயலுகளுக்கு மேல மோசம் போயிருக்கியே தாயி" என்பாள்.

இந்த இடத்தில் இன்டர்ன் சிரிப்பார், தமாஷ் என்று நினைத்து. தமாஷ் இல்லை. இந்த வானம் பார்த்த பூமிக்கு வெளிநாட்டு வேலை என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். பழைய இராமநாதபுரம் ஜில்லாவில் பஞ்சம் வரும்போதெல்லாம் சனங்கள் மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்கும், கப்பலேறி பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். பேரன்மார் சவுதிக்கும் துபாய்க்கும் போகிறார்கள். ஆளெடுக்கும் ஏஜென்ட் 30,000 ரூபாயும் வரியும் தவிர வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. இது வாங்குகிற ஏஜென்ட்டுக்கும் தெரியும். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுத்தவனுக்குத்தான் போய்ச் சேர்ந்தபிறகு தெரியும். அதனால் காசு கட்டி வேலைக்கு வந்த ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்ததும், இவள் யார் என்று ஊருக்கு விளங்கிவிடுகிறது. நம்மை உயர்த்த வந்தவள் என்றா நினைக்கிறார்கள்? ஏஜென்ட்டிடம் ஏமாந்த பிள்ளை. இனி அவளுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

களப்பணியாளர் செய்ய வேண்டியது: ஊரில் சவுதியிலிருந்து திரும்பியவர் ஒருவர் இருப்பார். டீக்கடை பெஞ்சில் தேடுங்கள், கிடைப்பார். அவரிடம் இன்டர்னை அறிமுகப்படுத்துங்கள். நம் ஊரில் வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் முடித்த ஒரே ஆள் அவர்தான். நான்கு கேள்வி கேட்பார், இங்கிலீசும் அரபியும் தமிழுமாக. பாஸ்போர்ட்டு யாருகிட்ட இருக்கு? போன வாரம் வீட்டுக்குப் பேசினியா? சாப்பாடு எறங்குதா? திரும்பிப் போற டிக்கெட்டு கையில இருக்கா? ஏஜென்சி கொடுத்த தாள்க்கட்டு முழுவதிலும் இந்த நான்கும் இப்படி வரிசையாக இருக்காது. பாஸ்போர்ட் அலுவலக பீரோவில் இருக்கிறது என்று இன்டர்ன் சொன்னால் அவர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். அன்றே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து இன்டர்ன் அழுவார். ஐந்தாம் வாரம், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. ஆறுதல் சொல்ல நீங்கள் போக வேண்டாம், பேச்சுத்திறன் பயிற்சியில் கற்றது எதுவும் உதவாது. சவுதிக்காரர் போவார். அல் கோபாரில் முதல் ஆறு மாதம் தான் பட்டதைச் சொல்வார். அதில் பாதி பொய்யாக இருந்தாலும் கேட்பதற்கு நன்றாக இருக்கும்.

சாப்பாடு

அளவு பார்த்துப் போடுங்கள். மறுக்கத் தெரியாத ஆள் மூன்று வீட்டில் புரோட்டா தின்றுவிட்டு நான்காவது வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கு முன்னால் உட்கார்ந்து திருதிருவென்று விழிப்பார். "போதும்" என்ற ஒரு சொல்லை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டால் பாதி வயிற்றுவலி குறையும். ஊரார் அந்தச் சொல்லைக் கேட்டும் கேட்காததுபோல இருப்பார்கள் என்பதையும் சொல்லிவையுங்கள்.

கருவேலம் பற்றிய தீர்ப்பு

ஆறாம் வாரத்தில் அவருக்கு ஒரு யோசனை வரும்: சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டும். இணையத்தில் படித்திருப்பார். தப்பில்லை, 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே வெட்டச் சொல்லி உத்தரவு போட்டது. கண்மாயைத் தூர்க்கிறது, வரத்துக்காலை அடைக்கிறது, எல்லாம் சரி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, இந்த மண்ணில் பத்து வாரத்துக்கு மேல் தாக்குப்பிடித்த ஒரே வெளிநாட்டு விருந்தாளி அதுதான் என்பதையும் அவரிடம் சொல்லலாம். 1850-களில் மண்டபசாலையில் நிலையம் வைத்த அமெரிக்க மிஷன்காரர்கள் போய்விட்டார்கள். 1961-இல் இந்தியாவுக்கு வந்த அமெரிக்க அமைதிப்படைத் தொண்டர்கள் 1976-இல் மூட்டை கட்டினார்கள். கருவேலம் போகவில்லை.

ஆனால் திட்டத்தை எழுத விடுமுன் ஒரு கரிமூட்டத்துக்கு அழைத்துப்போங்கள். வெட்டிய கட்டையை நெருக்கமாக அடுக்கி, மேலே செத்தை போட்டு மூடி, ஈரமண் பூசித் தீ வைத்திருப்பார்கள். உள்ளே தீ எரியக் கூடாது, புழுங்க வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் போட்ட கட்டை மொத்தமும் சாம்பல். அதனால் புருசனும் பெண்டாட்டியும் ராத்திரியெல்லாம் மாறிமாறிக் காவல் இருந்து, வெடிப்பு விழுகிற இடத்தில் மண் அப்பிக்கொண்டே இருப்பார்கள். புகையின் நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் வெந்துவிட்டதா என்று சொல்வார்கள். மழை ஏமாற்றிய வருசத்தில் அந்த வீட்டில் உலை கொதிப்பது இதை வைத்துத்தான். வேரோடு பிடுங்கச் சொல்கிற தீர்ப்பும் சரி, பிடுங்கிவிட்டால் அடுத்த மாதம் என்ன செய்வது என்று கேட்கிற அந்த அம்மாளும் சரி. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத முடிந்தால் இன்டர்ன் தேறிவிட்டார். என் கருத்தில் இதற்கு மேல் தேர்ச்சி தேவையில்லை. நம் இயக்குநர்களிலேயே பலர் இன்னும் தேறவில்லை.

அவரால் ஆகிற வேலை

இவ்வளவுக்கும் பிறகு, அவரால் ஒரு வேலையும் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும், ஆனால் அது களத்தில் இல்லை. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வருகிற பணம் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் முதலில் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20-க்கு வந்தது. பெரிய நிறுவனம் வாங்கிச் சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் நின்றது. அதில் நம்மைப் போன்ற தாலுகா அளவு அமைப்புகளில் முதலில் வேலை போனது இங்கிலீசில் ரிப்போர்ட் எழுதுகிறவருக்கு. அவர் இப்போது மதுரையில் எங்கோ கணக்கு எழுதுகிறார். எனவே அந்த நாற்காலியில் இன்டர்னை உட்காரவையுங்கள். மகளிர் குழு, மடை பழுது, ஆட்டுக் கடன் எல்லாவற்றையும் நீங்கள் தமிழில் சொல்லச் சொல்ல அவர் இங்கிலீசில் அடிப்பார். அவர் மக்களோடு வாழ வந்தவர், மின்விசிறிக்குக் கீழே தட்டச்சு செய்ய வரவில்லை என்று வருத்தப்படுவார். வருத்தம் நியாயமானதுதான், அதற்காக எழுந்துபோக விட்டுவிடாதீர்கள். அவர் அடிக்கிற பக்கங்கள்தான் அடுத்த வருசச் சம்பளம், உங்களுடையதும் சேர்த்து.

ஆகஸ்ட் 15 கிராமசபைக்கு மட்டும் கட்டாயம் கூட்டிப்போங்கள். ஏற்கெனவே எழுதிவைத்த தீர்மானத்தை வாசித்துக் கையெழுத்து வாங்குவதையும், நடுவில் ஒரு பெண் எழுந்து நூறு நாள் வேலைச் சம்பளப் பாக்கியைக் கேட்டதும் மைக் மக்கர் செய்வதையும் அவர் நேரில் பார்க்கட்டும்.

வழியனுப்புதல்

பொன்னாடை, குழுப் படம், அலுவலக முற்றத்தில் ஒரு மரக்கன்று. கன்றுக்கு முள்வேலி உடனே போடவும், ஆடு அதே தெருவில்தான் இருக்கிறது. பரிந்துரைக் கடிதத்தை இன்டர்னே எழுதிக்கொண்டு வருவார், கையெழுத்துப் போட்டால் போதும். "ஆயிரக்கணக்கானோர் வாழ்வில் மாற்றம்" என்கிற வரி இருந்தால் மட்டும் பேனாவை வைத்துவிட்டு, "நூற்றுக்கணக்கானோர்" என்று திருத்தச் சொல்லுங்கள். நமக்கும் மனசாட்சி உண்டு.

அவர் போன கையோடு ஏஜென்சிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: அடுத்த ஆளைத் தயவுசெய்து புரட்டாசியில் அனுப்பவும், தை முடிந்து போகட்டும். விதைப்பு, களையெடுப்பு, கண்மாய் பெருகுவது, அறுவடை, பொங்கல் எல்லாம் பார்க்கலாம், 180 நாளைத் தாண்டாததால் பதிவுத் தொல்லையும் இல்லை. பதில் இரண்டே நாளில் வரும். மிக நல்ல யோசனை, ஆனால் பல்கலைக்கழகம் செப்டம்பரில் திறந்துவிடுகிறது, ஜூலைக்கு ஏற்றபடி ஏதாவது செய்ய இயலுமா என்று கேட்டிருப்பார்கள். வடகிழக்குப் பருவமழையை ஜூலைக்கு நகர்த்துவது பற்றி மூன்றாண்டுத் திட்டம் ஒன்று எழுதி அனுப்புங்கள். பட்ஜெட்டில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.